ஒரே கணினியில் அக்காவின் விண்டோஸும் என் லினக்ஸும்: டூயல் பூட் அமைத்த பதிவு

எங்கள் வீட்டுக் கணினியில் இப்போது விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் 22 என்ற இரண்டு இயங்குதளங்களும் (ஓஎஸ்) ஒரே எஸ்எஸ்டி டிஸ்கில் இருக்கின்றன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு மெனு வரும். அம்புக்குறியை நகர்த்தி என்டர் தட்டினால் அது தொடங்கும். இதற்குப் பெயர்தான் டூயல் பூட். இதை அமைத்த விதத்தை விவரமாக எழுதிவைக்கிறேன். டூயல் பூட் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் நிறுவும் திரைகளைத்தான் வரிசையாகக் காட்டுகின்றன. இருப்பதிலேயே எளிதான பகுதி அதுதான். பெரிய வேலை அதற்கு முன்னால், விண்டோஸுக்கு உள்ளேயே செய்யவேண்டியது. கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி என்றால் அந்த வேலை இன்னும் கூடும்.

யாருக்கு எது

அக்கா வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ் என்று சாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் கொடுப்பதை வடிவமைத்து சிவகாசி அச்சகங்களுக்கு அனுப்புவார். எல்லாம் பேஜ்மேக்கர் 7-இல். அது 2001-இல் வந்த மென்பொருள். அதற்குப் பிறகு பெரிய புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. யூனிகோட் அதற்குத் தெரியாது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தமிழ் ஓடுகிறது. அக்காவிடம் வருஷக்கணக்காகச் சேர்ந்த கோப்புகள் இருக்கின்றன. "போன வருஷம் பெரியவனுக்கு அடிச்ச மாதிரியே சின்னவனுக்கும் வேணும்" என்று வருகிறவர்கள்தான் அவருக்கு நிலையான வாடிக்கை. ஆகவே பேஜ்மேக்கரை விட்டுவிடச் சொல்வது நடக்காத காரியம். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக அதை ஓட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் ஒரு கொம்பு நகர்ந்தாலும் ஆயிரம் பத்திரிகை வீணாகும் தொழிலில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இன்னொரு பக்கம், விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். எங்களுடையது ஐ5-6500 பிராசஸர், அதாவது இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது. 8 ஜிபி ரேம், 480 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க் என்று வேகத்தில் ஒரு குறையும் இல்லாத கணினி இது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக இதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் வேலையை இப்படிப் பிரித்தோம். பேஜ்மேக்கரும் அச்சும் விண்டோஸில். இணையம், வங்கி, மின்னஞ்சல், என் எழுத்து வேலை எல்லாம் லினக்ஸில். நீட்டிப்புக் காலம் முடிந்ததும் விண்டோஸ் பக்கம் நெட் இணைப்பையே எடுத்துவிடலாம். பேஜ்மேக்கருக்கு நெட் தேவையில்லை.

இந்தப் பிரிவினையை முதலிலேயே செய்துகொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் டூயல் பூட் புதிய காட்சி அல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸும், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. எனக்குத் தெரிந்து அவற்றை வாங்கிய பிள்ளைகளில் பலர் பாஸ் பக்கம் போகவே இல்லை. அந்தப் பக்கத்துக்கு என்று ஒரு வேலை இல்லாததுதான் காரணம். தினசரி வேலை ஒன்றாவது ஒதுக்கப்படாத இரண்டாவது ஓஎஸ், டிஸ்கில் இடத்தை மட்டும்தான் அடைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஓஎஸ்ஸுக்குள்ளேயே இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் போட்டால் ரீஸ்டார்ட் தொல்லை இல்லையே என்று கேட்பார்கள். 16 ஜிபி ரேம் இருந்தால் நானும் அதை யோசித்திருப்பேன். 8 ஜிபியை இரண்டு ஓஎஸ் ஒரே நேரத்தில் பங்கு போட்டால் இரண்டுமே திணறும்.

அக்காவிடம் சொன்னபோது அவருக்கு இருந்தது ஒரே கவலை.

"தம்பி, என் பேஜ்மேக்கர் அப்படியே இருக்கும்ல?"

"அப்படியே இருக்கும்க்கா. டி டிரைவ்ல இருக்கறது மட்டும் இன்னொரு டிஸ்குக்குப் போகும். பேரு அதே டி தான்."

"அப்பன்னா சரி. முகூர்த்த நேரத்துல மட்டும் கை வச்சிராதே."

மார்கழியில் கல்யாணம் இல்லை. வேலையை அதற்கு ஒதுக்கினோம்.

கடையில் போட்டுக்கொடுத்த பார்ட்டிஷன்

முதலில் பார்க்கவேண்டியது, விண்டோஸ் எந்த முறையில் பூட் ஆகிறது என்பது. ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் பயாஸ் மோட் என்று ஒரு வரி இருக்கும் (பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்). அதில் யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்றிருந்தால் பாதி வேலை மிச்சம். எங்களுடையதில் லெகசி, அதாவது பழைய முறை. மதர்போர்டு யூஇஎஃப்ஐ தெரிந்ததுதான். ஆனால் விண்டோஸைப் போட்டவர்கள் பழக்கத்தில் லெகசியிலேயே போட்டிருந்தார்கள். அசெம்பிள் கணினிகளில் இது மிகச் சகஜம்.

அடுத்து, டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட். எஸ்எஸ்டியில் சிஸ்டம் ரிசர்வ்டு 500 எம்பி, சி டிரைவ் 200 ஜிபி, ஒரு சிறிய ரெக்கவரி பகுதி, பிறகு பச்சைக் கட்டத்துக்குள் டி டிரைவ். பச்சைக் கட்டம் என்றால் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன், அதாவது உள்ளே மேலும் பிரிவுகள் வைக்கக்கூடிய டிஸ்க் பிரிவு. நம் ஊரில் டிஸ்க் எதுவானாலும் சி, டி, இ என்று வெட்டிக்கொடுப்பது வழக்கம். விண்டோஸ் கெட்டு மறுபடி போட்டாலும் டியில் இருப்பது தப்பிக்கும் என்பது அதன் நியாயம். அந்த நியாயம் சரிதான். ஆனால் டிஸ்கின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணையில் இப்படி வெட்டியதால், லினக்ஸுக்குப் புதிதாக ஒரு பிரைமரி பார்ட்டிஷன் போட இடமில்லை.

எம்பிஆர் 1983-இல் பிசி டாஸ் 2.0-உடன் வந்த ஏற்பாடு. டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் பூட் நிரலுக்கு 446 பைட், பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட். ஒரு பதிவுக்கு 16 பைட் என்பதால் நான்கு பதிவுகள்தான் கொள்ளும். நான்குக்கு மேல் வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டென்டட் ஆக்கி அதற்குள் உள்பிரிவுகள் வைக்கவேண்டும். லினக்ஸ் அந்த உள்பிரிவிலும் நன்றாக ஓடும். ஆகவே லெகசியிலேயே இரண்டையும் வைத்துக்கொள்வது முடியாத காரியம் அல்ல. நான் அதை விரும்பாததற்குக் காரணம் அந்த 446 பைட். வீட்டுக்கு ஒரே வாசல் மாதிரி, டிஸ்குக்கு ஒரே பூட் இடம்; கடைசியாக எழுதியவன் கையில்தான் சாவி. நாளை யாராவது விண்டோஸைச் சரிசெய்கிறேன் என்று ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுத்தால் லினக்ஸின் பூட் மெனு நிரலான கிரப் அழிந்துபோகலாம்.

யூஇஎஃப்ஐ முறையில் அப்படி இல்லை. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய ஃபாட்32 பகுதிக்குள் ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தனி ஃபோல்டர். மைக்ரோசாஃப்ட் ஒன்றில், லினக்ஸ் ஒன்றில். எதை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். இந்த முறையில் எம்பிஆருக்குப் பதிலாக வரும் ஜிபிடி அட்டவணை 128 பார்ட்டிஷன் வரை தாங்கும். அதன் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருப்பதால் முன்பக்கம் கெட்டாலும் மீட்க வழியுண்டு. ஒன்று யூஇஎஃப்ஐ, இன்னொன்று லெகசி என்று கலந்து வைத்தால் கிரப் மெனுவிலிருந்து விண்டோஸை அழைக்க முடியாது. ஆகவே மாற்றினால் இரண்டையும் மாற்றவேண்டும்.

எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு

விண்டோஸை அழிக்காமலே இந்த மாற்றத்தைச் செய்யலாம். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. அதற்குச் சில நிபந்தனைகள்: மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருக்கக்கூடாது, எக்ஸ்டென்டட் அறவே கூடாது. டி இருக்கும்போதே சோதனைக்காக வேலிடேட் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். எதிர்பார்த்தபடி டிஸ்க் அமைப்பை ஏற்க மறுத்தது. வேலிடேட் எதையும் மாற்றாது என்பதால் தயங்காமல் ஓட்டிப் பார்க்கலாம்.

டியைக் காலி செய்யும் முன் அதில் இருந்ததை 1 டிபி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்தேன். அதே நகல் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கிலும். எழுத்துரு ஃபோல்டரைத் தனியாக எடுத்துவைத்தேன். பழைய தமிழ் எழுத்துருக்களில் சிலவற்றை இன்று தேடினால் கிடைப்பதில்லை. நகலிலிருந்து பழைய கோப்புகள் சிலவற்றைப் பேஜ்மேக்கரில் திறந்து அக்காவையே பார்க்கச் சொன்னேன். கோப்பு திறக்கிறது என்று நான் சொல்வது வேறு, பத்திரிகை சரியாக இருக்கிறது என்று அவர் சொல்வது வேறு.

இங்கே டிடிபி செய்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பேஜ்மேக்கரில் வைக்கும் பிள்ளையார் படமும் பார்டரும் கோப்புக்குள் முழுதாக உட்கார்ந்திருப்பதில்லை. பெரிய படங்கள் லிங்க்காக, அவை இருக்கும் பாதையோடு நினைவில் வைக்கப்படுகின்றன. டிரைவ் எழுத்து மாறினால் எல்லா லிங்க்கும் அறுந்துபோகும். அதனால் எஸ்எஸ்டியில் இருந்த டியை நீக்கிய கையோடு, ஹார்டு டிஸ்க் பகுதிக்கு டி என்ற எழுத்தைக் கொடுத்தேன். ஃபோல்டர் பெயர்களும் அதே. பேஜ்மேக்கருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

டி வால்யூமை நீக்கினால் பச்சைக் கட்டம் ஃப்ரீ ஸ்பேஸ் என்று மிஞ்சும். அதையும் வலது கிளிக் செய்து நீக்கினால்தான் கறுப்புப் பட்டையோடு அன்அலோகேட்டட் ஆகும். இப்போது வேலிடேட் பச்சைக்கொடி காட்டியது. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, கன்வர்ட், அலோஃபுல்ஓஎஸ் என்ற இரண்டு சுவிட்சுகளோடு ஓட்டினேன். இரண்டாவது சுவிட்ச், விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற அனுமதிப்பது. வேலை விரைவில் முடிந்துவிடும். ஆனாலும் யூபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அட்டவணை எழுதும் நொடியில் கரண்ட் போவதை எந்த மென்பொருளும் சமாளிக்காது. யூபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதல்நாளே சோதித்துவைத்தேன்.

கருவி, இருந்த சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியையே இஎஃப்ஐ பகுதியாக மாற்றிக்கொண்டது. அது 100 எம்பிக்குக் குறையாமலும் 1 ஜிபிக்கு மிகாமலும் இருந்தால் இப்படிச் செய்யும். இல்லாவிட்டால் சியைச் சற்றுச் சுருக்கிப் புதிதாக ஒன்று உண்டாக்கும்.

இதற்குப் பின் சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் வராது. பயாஸுக்குள் போய் பழைய லெகசி முறைக்கு இடம்தரும் சிஎஸ்எம் என்பதை அணைத்து யூஇஎஃப்ஐக்கு மாற்றவேண்டும். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருப்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்கவேண்டும்: கார்டின் ஃபர்ம்வேருக்கு யூஇஎஃப்ஐ தெரியாவிட்டால் சிஎஸ்எம் அணைத்ததும் திரை கறுப்பாகவே நிற்கும். எங்களுடையது பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸ்தான்; சிக்கலில்லை. விண்டோஸ் வந்தது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஇஎஃப்ஐ என்று மாறியிருந்தது. ரெக்கவரி வசதி உயிரோடு இருக்கிறதா என்று ஆர்இஏஜென்ட்சி கட்டளையால் சரிபார்த்துக்கொண்டேன். விண்டோஸ் உரிமமும் அப்படியே இருந்தது. டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டைப் பார்க்கிறதே தவிர டிஸ்க் அட்டவணையை அல்ல.

அணைந்தும் அணையாத விண்டோஸ்

விண்டோஸில் இன்னொரு வேலை பாக்கி: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். டூயல் பூட்டில் கோப்புகள் கெடுவதற்கு மிக முக்கியமான காரணம் இதுதான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

விண்டோஸ் 8-இலிருந்து, ஷட்டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. திறந்திருந்த நிரல்களை மூடிவிட்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை மட்டும் ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதிவைத்துவிட்டு அணைகிறது. மறுமுறை ஆன் செய்யும்போது அதையே எடுத்து விரித்துக்கொள்வதால் சீக்கிரம் எழுகிறது. அப்படி எழுதிவைத்த நிலைக்குள், எந்த டிரைவில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கும் உண்டு. இடையில் லினக்ஸ் வந்து அதே டிரைவில் ஏதாவது எழுதினால் அந்தக் கணக்கு காலாவதியாகிவிடும். விண்டோஸ் அதை அறியாமல் பழைய கணக்கை நம்பி எழுதும்; ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கோப்பு சிதையும். இதைத் தவிர்க்கத்தான், விண்டோஸ் உறங்கும் நிலையில் இருக்கும் டிரைவை லினக்ஸ் எழுத அனுமதிக்காமல் படிக்க மட்டும் திறக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. லினக்ஸின் கோளாறு என்று நினைத்து அதை வலுக்கட்டாயமாகத் திறக்கும் கட்டளைகளை ஓட்டாதீர்கள்.

பவர் ஆப்ஷன்ஸில் டிக்கை எடுத்தால் போதும் என்பார்கள். நான் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டையே அணைத்துவிட்டேன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதோடு சேர்ந்து போய்விடும். சி டிரைவில் சில ஜிபி இடமும் திரும்பக் கிடைத்தது. எஸ்எஸ்டியில் ஓடும் விண்டோஸுக்கு இதனால் எழும் நேரம் சில வினாடிதான் கூடும்.

லேப்டாப்பில் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. டிஸ்க் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் கை வைக்கும் முன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். லினக்ஸ் இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றால், பயாஸில் ஸ்டோரேஜ் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்றிருக்கிறதா பாருங்கள். அதை ஏஎச்சிஐ ஆக்கவேண்டும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி அமைத்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பி, பிறகு அந்த அமைப்பை நீக்கவேண்டும்.

லினக்ஸ் நிறுவல்

மின்ட் 22-ஐத் தேர்ந்தெடுத்தேன். உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது, 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. அதன் சின்னமன் டெஸ்க்டாப்பின் கீழ்ப்பட்டையும் மெனுவும் விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது. அக்காவும் இதைத் தொடப்போகிறவர் என்பதால் அது எனக்கு முக்கியம். இறக்கிய ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்பு பிழையில்லாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணை விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையால் சரிபார்த்தேன். விட்டு விட்டு வந்த நெட் இணைப்பில் இறக்கிய கோப்பை இப்படிப் பார்க்காமல் நிறுவுவது வம்பு.

பென்டிரைவை ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு தயாரித்தேன். பார்ட்டிஷன் ஸ்கீமில் ஜிபிடி, டார்கெட்டில் யூஇஎஃப்ஐ. சிஎஸ்எம் அணைக்காத கணினி என்றால் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியக்கூடும்: யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. முன்னொட்டு உள்ளதைத்தான் எடுக்கவேண்டும். மற்றதை எடுத்தால் லினக்ஸ் லெகசி முறையில் ஏறக்கூடும். இவ்வளவு நேரம் செய்த மாற்றத்துக்குப் பொருளே இல்லாமல் போகும்.

பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் டெஸ்க்டாப் வந்ததும் ஒலி, வைஃபை, திரையின் அளவு எல்லாம் பார்த்தேன். யூஎஸ்பி வைஃபை டாங்கிளை மின்ட் அடையாளம் காணாவிட்டால் பதறவேண்டாம். கைபேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும். அதைக்கொண்டு டிரைவர் மேனேஜரை ஓட்டலாம். எங்கள் லேசர் பிரின்டர் பழைய மாடல். அதன் லினக்ஸ் டிரைவர் இழுபறி என்று தெரிந்ததால் அச்சை விண்டோஸுக்கே விட்டுவிட்டேன்.

நிறுவத் தொடங்கும் முன் கணினியை அணைத்து, ஹார்டு டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றினேன். அக்காவின் அத்தனை வேலையும் அதில் இருக்கிறது. இணைப்பே இல்லாத டிஸ்கை எந்த இன்ஸ்டாலரும் தப்பித்தவறி ஃபார்மட் செய்ய முடியாது. கேஸைத் திறந்து மூடும் சிரமத்துக்கு இது நிச்சயம் தகும்.

இன்ஸ்டாலரில் சம்திங் எல்ஸ் என்ற வழியை எடுத்தேன். காலியாக இருந்த இடத்தில் ரூட்டுக்கு (லினக்ஸ் உட்காரும் பகுதி) 60 ஜிபி, மிச்சம் முழுதும் ஹோமுக்கு (சொந்தக் கோப்புகள்), இரண்டும் லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்தில். ஹோமைத் தனியாக வைத்தால் பின்னால் வேறு லினக்ஸ் போட்டாலும் சொந்தக் கோப்புகள் நிற்கும். டி டிரைவ் வெட்டும் நம்மூர்ப் பழக்கத்தின் அதே நியாயம்தான். ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி வேண்டாம், மின்ட் தானே ஸ்வாப் கோப்பு வைத்துக்கொள்ளும். இஎஃப்ஐ பகுதியை அப்படியே பயன்படுத்தச் சொல்லவேண்டும். அதை ஃபார்மட் செய்யும் டிக் விழுந்திருக்கவே கூடாது. அதற்குள்தான் விண்டோஸின் பூட் கோப்புகளும் இருக்கின்றன. மற்ற திரைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நேர மண்டலம் கொல்கத்தா, பெயர், கடவுச்சொல், முடிந்தது.

ரீஸ்டார்ட் செய்ததும் கிரப் மெனு. மின்ட், அதன் கீழே விண்டோஸ் பூட் மேனேஜர். இரண்டையும் மாற்றி மாற்றி எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஹார்டு டிஸ்கைத் திரும்ப இணைத்தேன். மதர்போர்டின் பூட் பட்டியலில் உபுண்டு என்று காட்டும். மின்ட் தன் பூட் கோப்புகளை அந்தப் பெயரில்தான் வைக்கிறது, குழம்பவேண்டாம். வேறு சில லினக்ஸ்களில் மெனுவில் விண்டோஸ் வராமல் போகலாம். 2021-இல் வந்த கிரப் 2.06, பிற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் வேலையை இயல்பாக அணைத்தே வைக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, அப்டேட்-கிரப் கொடுத்தால் வந்துவிடும்.

எது தானாக எழவேண்டும் என்பதை யோசித்து முடிவுசெய்தேன். மின்ட் இயல்பாக முதலில் இருந்தால், விண்டோஸ் அப்டேட் நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்போது கணினி லினக்ஸில் போய் நிற்கும். அப்டேட் பாதியில் தொங்கும். விண்டோஸை அதன் வரிசை எண்ணைக் கொடுத்து முதலாக்கலாம். புதிய வரி ஏதாவது மெனுவில் சேர்ந்தால் எண் பிசகும். கடைசியாகத் தேர்ந்தெடுத்ததையே மறுபடி எழுப்பு என்று கிரப்புக்குச் சொல்வதுதான் எனக்குப் பிடித்த வழி. டீஃபால்ட் வரியில் சேவ்டு என்று எழுதி, சேவ்டீஃபால்ட்டை ட்ரூ ஆக்கினேன். காத்திருப்பு 10 வினாடி. அக்கா நாள் முழுக்க விண்டோஸில் இருந்தால், எத்தனை ரீஸ்டார்ட் ஆனாலும் மெனுவைத் தொடாமலே விண்டோஸ் வரும். எக்ஸ்ட்4-இல் இது சரியாக வேலை செய்கிறது. பிடிஆர்எஃப்எஸ், எல்விஎம் போன்ற வேறு டிஸ்க் அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு கிரப்பால் அந்த நினைவை எழுத முடியாது.

ஐந்தரை மணி நேரம்

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் ஓடும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று கொண்டு இந்திய நேரத்துக்கு 5:30 கூட்டிக்கொள்கிறது. லினக்ஸ் சரியான யூடிசியை எழுதிவிட்டுப் போனால் விண்டோஸ் அதையே நம் நேரமாகக் காட்டும். நள்ளிரவு தாண்டி வேலை செய்யும் டிடிபிக்காரருக்கு இது வெறும் கடிகாரப் பிசகு அல்ல: காலை 5:30 மணி வரை தேதியே முந்தைய நாளாக இருக்கும். எந்தக் கோப்பு கடைசியாகத் திருத்தியது என்று தேதியைப் பார்த்து அச்சகத்துக்கு அனுப்பும்போது பழைய திருத்தம் போய்ச் சேரலாம்.

இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும். விண்டோஸை ரெஜிஸ்ட்ரி வழியாக யூடிசிக்கு மாற்றலாம். அல்லது லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். லினக்ஸ் இரண்டாவதை விரும்புவதில்லை, எச்சரிக்கையும் காட்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை நகர்த்தும் நாடுகளில் இரண்டு ஓஎஸ்ஸும் ஆளுக்கொரு முறை நகர்த்திக் குழப்பும் என்பது அதன் கவலை. இந்தியாவில் அப்படி நகர்த்துவதில்லை. ஆகவே அக்காவின் விண்டோஸைத் தொடாமல் லினக்ஸை மாற்றினேன்.

நடுவில் இருக்கும் டி

இரண்டு பக்கமும் சந்திக்கும் இடம் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும் அந்த ஹார்டு டிஸ்க். மின்ட்டின் டிஸ்க்ஸ் செயலியில் அது தானாக மவுன்ட் ஆகும்படி (இணையும்படி) வைத்து, நோஃபெயில் என்பதையும் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் டிஸ்க் ஏதோ காரணத்தால் கிடைக்காத அன்று லினக்ஸ் அதற்காகக் காத்து நின்று எழாமல் போகும். கரண்ட் போய் விண்டோஸ் திடீரென அணைந்திருந்தால் லினக்ஸ் அந்த டிரைவைத் திறக்க மறுக்கலாம். அப்போது விண்டோஸுக்கே போய் செக்டிஸ்க் ஓட்டிவிட்டு வருவதுதான் முறை.

கோப்புப் பெயர்களில் ஒரு ஒழுங்கு தேவைப்படுகிறது. லினக்ஸ் முக்காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றையும் பெயரில் அனுமதிக்கும். விண்டோஸ் அவற்றைத் திறக்காது. விண்டோஸ்_நேம்ஸ் என்ற மவுன்ட் விருப்பத்தைச் சேர்த்தால் லினக்ஸே அப்படிப்பட்ட பெயர்களை மறுத்துவிடும். தமிழில் பெயர் வைப்பதில் இரண்டு பக்கமும் தடையில்லை.

தமிழ்த் தட்டச்சுக்கு மின்ட்டில் ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டுக் கருவியைப் போட்டேன். எனக்கு 1999-இல் சென்னை தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகை. அக்காவுக்கு அவர் விரல் பழகிய டைப்ரைட்டர் முறை. இரண்டும் அதில் இருக்கின்றன. பழைய எழுத்துருக்களையும் லினக்ஸின் எழுத்துரு ஃபோல்டரில் நகலெடுத்துவைத்தேன். லிபரெஆபிஸ் டிரா பேஜ்மேக்கர் கோப்பை ஓரளவு திறக்கிறது. யாருடைய பத்திரிகை எந்தக் கோப்பில் என்று தேட அது உதவும். திருத்த அது போதாது.

தயாரித்த பென்டிரைவை அழிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, நம்பகமான பூட் நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் வசதியை இயக்கியிருந்த பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸ் எழாமல் தடுத்தது. பழைய லினக்ஸ் பூட் நிரல்களை நம்பக்கூடாதவை என்று அது குறித்துவிட்டதே காரணம். அத்தகைய நேரத்தில் லைவ் பென்டிரைவ்தான் கை கொடுக்கும். விண்டோஸ் தன்னை முதல் இடத்துக்கு நகர்த்திக்கொண்டால் அதற்குப் பென்டிரைவ்கூட வேண்டாம்; பயாஸின் பூட் வரிசையில் உபுண்டுவை மேலே ஏற்றினால் போதும்.

பிற்பாடு லினக்ஸ் வேண்டாம் என்று முடிவானால், முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து விண்டோஸ் எழுகிறதா என்று பார்க்கவேண்டும். அதன் பிறகுதான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்ட்4 பகுதிகளை நீக்கவேண்டும். இந்த வரிசை மாறினால், பகுதிகளை இழந்த கிரப் வெறும் கட்டளை வரியில் நின்றுவிடும். இஎஃப்ஐ பகுதிக்குள் மிஞ்சும் உபுண்டு ஃபோல்டர் சில எம்பிதான். இருந்துவிட்டுப் போகட்டும், அதை நீக்குவதற்காக விண்டோஸின் ஃபோல்டருக்குப் பக்கத்தில் கை வைக்கவேண்டியதில்லை.